துணி என்னிடம், கம்பி அவளிடம்

சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தோம்.
கூடாரத் துணி ஒரு கிலோ நூறு.
மடக்குக் கம்பிகள் எழுநூற்றைம்பது கிராம்.
அடுப்பு, அதற்கான குட்டி சிலிண்டர்,
அவல், கருப்பட்டி, மூன்று எலுமிச்சை.
பல்துலக்கியின் காம்பைப் பாதியாக நறுக்கினாள் வசுமதி:
"ஏறும்போது தெரியும், இதோட கனம்."
துணி எனக்கு, கம்பி அவளுக்கு.
அடுப்பு எனக்கு, சிலிண்டர் அவளுக்கு.
சரிபாதி என்று
போடியில் பஸ் ஏறும்வரை பெருமையாக இருந்தது.

கோவிலூரில் பதிவேட்டை விரித்தவர்
எங்களுக்குள் என்ன உறவு என்று கேட்டார்.
நாத்தனார், என்றாள் அவள்.
முன்னாள், என்றேன் நான்.
மலையாளத்தில் எதையோ எழுதிக் கோடு போட்டார்.
அவர் தாளில் அது தடாகம்.
சாலையோரம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மேல்குளம்.
கூட வந்த வாட்சர் லக்கப்பனுக்கு
வெறும் தண்ணி.
"தண்ணிக்கு நாலு மணி நேரம்."

பூண்டு வயல் முடிந்து கிராண்டிஸ் காடு,
அதுவும் முடிந்து புல்.
முதுகில் பை ஏறிவிட்டால்
யோசனைகூடக் குனிந்துதான் வருகிறது.
மூன்று மணி நேரம் நான் பார்த்தது அவள் குதிகால்,
அதன் மேல் காலுறையில் ஊர்ந்த அட்டை.
சொல்லலாம் என்று நினைத்து
கொஞ்ச தூரம் சொல்லாமலே நடந்தேன்.

வழி பிரியும் பாறையில்
எங்களில் ஒருத்தி அவன் பெயரை எடுத்தாள்.
அவள் அண்ணன். என் ஐந்து வருடம்.
"அவன்னா இடது பக்கம்தான் போவான்."
அதற்காகவே நான் வலது பக்கம் திரும்பினேன்.
லக்கப்பன் ஒரு பீடி நேரம் நடுவில் நின்றார்.
பிறகு, தேயிலைத் தூள் யார் பையில் என்று கேட்டு
அவள் பின்னால் போனார்.
போகிறபோக்கில் என்னிடம்:
"சோலைக்குள்ள மட்டும் எறங்கிராதீங்க. புல்லோடயே போங்க."

மூடுபனி மலையை ஒவ்வொரு மடிப்பாக
எடுத்துக்கொண்டு போனது.
கடைசியில் மிச்சம் என் பூட்ஸ்.
வரையாட்டுப் புழுக்கை புதிதாகக் கிடந்தது,
அதைப் பார்த்து நடந்தேன்.
கால் நனைந்த பிறகுதான்
குளம் வந்துவிட்டது தெரிந்தது.

கத்தினேன்.
அக்கரையில் யாரோ தட்டைத் தட்டினார்கள்.
"துணி உன்கிட்ட!"
"கம்பி உன்கிட்ட!"
தண்ணீர் மேல் வழுக்கி வந்த குரல்
பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது,
பேசிக்கொள்ளாத எங்களுக்கு அது கொஞ்சம் கூச்சமாகவும்.
"இருட்டுல கரையச் சுத்த வேணாங்கிறாரு.
காலைல பாப்போம்."
"டீ?"
"கேஸ் இருக்கு. அடுப்புதான்..."
அடுப்பு என் மடியில்
காலை மடக்கிய வெட்டுக்கிளியாகக் கிடந்தது.

கூடாரத் துணியைச் சுற்றிக்கொண்டு
பச்சைத் தண்ணீரில் அவல் நனைத்துத் தின்றேன்.
போன வருடம் வீட்டைப் பிரித்தபோது
மிக்ஸியின் ஜாடி என்னோடு வந்தது,
மோட்டார் அவனோடு.
அதில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

எத்தனை மணியோ, பனி விலகிற்று.
இவ்வளவு சின்னதா இது?
எங்கள் தெருமுனைக்கும் ரேஷன் கடைக்கும்
நடுவிலுள்ள தூரம்கூட வராது.
அக்கரையில் டார்ச் மூன்று முறை அணைந்து எரிந்தது.
என் டார்ச்சைத் துழாவினேன்.
எரிவதுதான் அது.
செல்போனில் நான்கு சதவீதம் இருந்தது.
திரையை அவள் பக்கம் திருப்பி
அதையும் செலவழித்தேன்.

விடிந்து,
குளம் வழிந்து ஓடையாகும் இடத்தில்
முழங்கால் தண்ணீரில் சிலிண்டரோடு நின்றாள்.
"அட்டை கடிச்சிருக்கு. பின்னாடிதான வந்த, பாக்கலியா?"
"பாத்தேன்."
ஒரு நிமிடம் ஓடை மட்டும் பேசியது.
சிலிண்டரை நீட்டினாள்.
லக்கப்பன் மூன்று டம்ளருக்கு
நான்கு டம்ளர் தூளைப் போட்டார்.

கூடாரத்தை நாங்கள் கட்டவே இல்லை.
இறங்கும்போது துணியை அவள் வாங்கிக்கொண்டாள்,
கம்பியை என் பையில் செருகினாள்.
ஈரத்தோடு எவ்வளவு இருக்கும் என்றேன்.
முதுகைக் குலுக்கிப் பார்த்துவிட்டு,
"நட," என்றாள்.